கதைக்கு உடைத்த ஐஸ்

அன்றைக்கு மொட்டை மாடியில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, மாமா, நான், தங்கை, எதிர்வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர், அப்புறம் கதை சொன்ன அந்த அம்மா. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் வீட்டுக்காரர். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் ஊரில் இருந்திருந்தால் ஐஸ் மாடிப்படி ஏறியிருக்காது. இன்னொருவர் பெரியப்பா. அவர் இல்லாவிட்டாலும் இது எல்லாமே தொடங்கியது அவரால்தான்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஐந்தாவதைத் தாண்டியதில்லை. பல பேர் அதன் பக்கமே போனதில்லை. அப்பா கடலைக்கொல்லையைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு திருவண்ணாமலைக்கு வந்து வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு வீட்டில் அம்மாவுக்கு ஆறு அறைகளையும் பெருக்கித் துடைக்கிற வேலை. அந்த வீட்டின் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நாங்கள் இருந்தோம். என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தது அம்மாவின் பிடிவாதம். ஃபீஸ் கட்டுவது அப்பாவின் கஷ்டம். இங்கிலீஷ் பேசுவது என் பொறுப்பு. மூன்றில் இரண்டு ஒழுங்காக நடந்துவந்தது.

பொங்கலுக்குக் கொல்லைக்குப் போயிருந்தபோது பெரியப்பா எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி, இங்கிலீஷில் ஏதாவது பேசு என்றார். எனக்குப் பயத்தில் ஒன்றும் வரவில்லை. ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை மாதங்களின் பெயரை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"இது காலண்டர்லயே போட்டிருக்கேடா," என்றார் பெரியப்பா அப்பாவிடம். "இதுக்கா வருசா வருசம் துட்டு கட்ற? காலண்டர் சும்மாவே குடுக்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நிற்காமல் எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

மாசி மாதம் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அடுத்த வருஷத்துக்கு இடம் வேண்டுமென்றால் மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அப்பா அதை வாங்கிப் படிக்கத் தெரியாமல் என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஆட்டோ கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தார். கட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை, கட்டமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா தினமும் காலையில் ஆட்டோவைத் துடைக்கிற சாக்கில் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பாள். எனக்கும் தெரியும். அந்தச் சீட்டு அங்கேயே மாதத்தைக் கடந்துவிட்டால், ஜூன் மாதம் நான் பெரியப்பா வீட்டில் தங்கி, அந்த ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டு, சாயங்காலம் கடலைக்கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் மேல் அறைக்கு அந்த அம்மா வந்தார். கனடாவிலிருந்து வந்தவர் என்று சொன்னார்கள். ஆனால் வெள்ளைக்காரர் இல்லை. மாநிறம், கறுத்த நீளமான முடி, அகலமான முகம். ஐம்பது வயதிருக்கும். ரோட்டில் நின்றால் ஆட்டோக்காரர்களுக்கு எவ்வளவு கேட்பது என்றே தெரியாது. நம்ம ஊர்க்காரராக இருந்தால் ஒரு ரேட், வெளிநாடு என்றால் ஒரு ரேட். இவர் இரண்டிலும் சேராமல் நின்றார். வெள்ளைக்காரர்கள் போய் இறங்குவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அங்கே ஏரிக்கரைகளில் வாழ்ந்துவருகிற ஒஜிப்வே என்கிற மக்களைச் சேர்ந்தவர் அவர். அதை அவர் எனக்கு மெதுவாக, இரண்டு முறை சொல்லிப் புரியவைத்தார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"அதான பாத்தேன்," என்றாள் அம்மா. "நம்ம சித்தி ஜாடையிலயே இருக்காங்க."

அவர் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார். சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து என் தங்கைக்கு மிருகங்கள் வரைந்து கொடுப்பார். ஒருநாள், தங்கள் மக்களிடம் ஒருத்தனைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு என்றார். பெரிய எத்தன், அதைவிடப் பெரிய முட்டாள், பசி தாங்கமாட்டான், ஆனால் உலகத்தில் பாதி நல்லது அவன் செய்துவைத்ததுதான் என்றார். எனக்கு அவர் பேசுவதில் பாதி புரியும். மீதியை அவர் கைகள் சொல்லிவிடும். நான் கீழே வந்து, அந்த அம்மா பேசுவது எல்லாமே எனக்குப் புரிகிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இன்று யோசித்தால், அந்த எத்தனைப் பற்றிக் கேட்ட அன்றைக்கே அவன் வேலையை நானும் செய்ய ஆரம்பித்திருக்கிறேன்.

அப்பாவுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் உண்டு. ஆனால் அது முழுக்க எண்களால் ஆனது. நான் சொல்வது சரியா தப்பா என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அவர் ஒரு வழி யோசித்தார். அப்படி ஒரு வழியை எந்தப் பரீட்சை நடத்துபவரும் இன்றுவரை யோசித்ததாக நான் கேள்விப்படவில்லை.

"அவங்க பசங்களுக்கு கத சொல்லட்டும். நீ தமிழ்ல சொல்லு. அவங்க சிரிப்பா சொல்ற எடத்துல நம்ம பசங்க சிரிச்சா, உனக்கு இங்கிலீஷ் வருதுன்னு அர்த்தம். அவங்க சிரிக்கறப்போ இதுங்க முழிச்சிக்கினு இருந்தா, ஜூன்ல பெரியப்பா ஊடு. இன்னா?"

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் மாடிக்குப் போனோம். அந்த எத்தன் கதை ஒன்று சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். அவர் சந்தோஷமாகத்தான் நிமிர்ந்தார். பிறகு எங்களையும் சுட்டுக்கொண்டிருந்த தரையையும் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையசைத்தார். நிதானமாகக் காரணமும் சொன்னார். அந்தக் கதைகளுக்குக் காலம் உண்டு. தரையைப் பனிக்கட்டி மூடிக் கிடக்கும்போது மட்டும்தான் சொல்லலாம். பாம்பும் தவளையும் அப்போதுதான் மண்ணுக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அவை விழித்திருக்கும்போது சொன்னால் கேட்டுவிட்டுப் படுக்கைக்கே தேடி வந்துவிடும். அவன் பெயரைக்கூட இப்போது சொல்லக்கூடாது.

அவர் பேசியதிலேயே ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"தரையெல்லாம் ஐஸு கொட்டிக் கெடந்தாதான் சொல்வாங்களாம்ப்பா. இல்லன்னா படுக்கைக்கு தவள வந்துடுமாம்."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவளயா?"

"பாம்பும் வருமாம்."

"ஏண்டா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போயேன். கதைக்கு ஐஸு வேணுமாம். இன்னிக்கு ஐஸும்பான், நாளைக்கு அம்மிக்கல்லு வேணும்பான்."

பிறகு அவரே முன்னால் வந்து, தன் இங்கிலீஷை எடுத்தார். "மேடம், ஸ்டோரி, ஹவ் மச்?"

அந்த அம்மா பதறி இரண்டு கைகளையும் ஆட்டி, இல்லை இல்லை என்றார்.

"பாத்தியா? காசும் வேணான்றாங்க, கதையும் வேணான்றாங்க. ஐஸ் பத்தி ஒரு பேச்சு வர்ல," என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்கினார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்னைத் தவளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெஜமாவே அப்டிதான் சொன்னாங்களா கண்ணு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாததை மறைக்க என் தலையைத் தடவிக் கொடுத்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு இருந்தது. நிஜத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அழுகை இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வந்தது.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருந்தது. பௌர்ணமி வந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகத் தள்ளுவண்டி போட்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி லெமன் ஜூஸும் சர்பத்தும் விற்பார். மற்ற நாட்களில் என்ன செய்வார் என்று கேட்டால், அடுத்த பௌர்ணமிக்காகக் காத்திருப்பார் என்று அப்பா சொல்வார். பௌர்ணமி அன்று நாலு மணிவாக்கில் ஐஸ் ஃபேக்டரியில் இரண்டு பார் ஐஸ்கட்டி எடுத்து, மரத்தூள் போட்டுக் கோணியில் சுற்றி, தெரிந்தவர் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டில் சாப்பிட இறங்குவார். அன்றைக்கும் இறங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள். மாமா சோற்றுக் கையோடு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, என் கண்ணப் பாத்து சொல்லு. ஐஸுன்னா சொன்னாங்க?"

"ஸ்னோன்னாங்க மாமா. வானத்துலேருந்து விழற ஐஸு. தூள் தூளா இருக்கும்."

"தூளா இருக்கணும், அவ்ளோதான? உடைச்சா தூளு. அது மேலேருந்து விழுந்தா இன்னா, கீழேருந்து ஏறுனா இன்னா?"

"டேய், யாவாரத்துக்கு வெச்சிருக்கற ஐஸுடா," என்றாள் அம்மா.

"ரெண்டு பார் இருக்குதுக்கா. ஒண்ணு புள்ள படிப்புக்கு." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "மாமா ஆட்டோவுலதான இருப்பாரு, போன் போடுக்கா. அவரும் வந்து பாக்கட்டும், என் மாப்ள பொய் சொன்னானா இல்லியான்னு."

முழு ஐஸ் பாரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மாடி ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே மாமா ஏறினார். கோணியை விரித்துக் குத்தூசியால் ஓங்கி ஓங்கிக் குத்தினார். சில்லுகள் பறந்தன. எதிர்வீட்டுப் பிள்ளைகள் சத்தம் கேட்டே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் அள்ளி அள்ளிப் பரப்பினோம். வெயில் சாய்ந்த நேரம். ஆனாலும் சிமெண்ட் தரை ஐஸைக் குடித்துக்கொண்டே இருந்தது. மாமா விடாமல் குத்தினார். பாதி மாடி வெள்ளையானது. தங்கை ஒற்றைக்காலில் குதித்துக் குதித்துக் கத்தினாள். அப்பாவும் வந்து மாடிப்படி வாசலில் நின்றார். பௌர்ணமி சவாரியை விட்டுவிட்டு வந்த எரிச்சல் அவர் முகத்தில் இருந்தது.

நான் ஓடிப்போய் அந்த அம்மாவைக் கூட்டி வந்தேன். அவர் மாடி வாசலில் நின்று பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. குனிந்து உள்ளங்கையை ஐஸின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. ஆனால் கதையை ஆரம்பிக்கவில்லை.

நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். ஐஸ் உருகி ஓடித் தண்ணீர்க் குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா செல்போனில் மணி பார்த்தார்.

"இன்னாடா, ஐஸும் வந்துட்டுது. இன்னும் தவள தூங்கலியா?" என்றார்.

மாமா இடுப்பில் செருகியிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சங்கடமாக இருந்தால் அவர் கை அங்கேதான் போகும். ஒரு சிட்டிகை கிள்ளியபோது அந்த அம்மாவின் பார்வை அதன்மேல் நின்றதை எல்லோரும் கவனித்தோம். மாமாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுக்காமல் தான் மட்டும் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. வலது கையில் பொட்டலத்தை ஏந்தி, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, கோயிலில் விபூதி நீட்டுவதுபோல் நீட்டினார்.

"டேய்!" என்று அம்மா அதட்டினாள். "பொம்பளைக்கு பொகையில நீட்றியே, அறிவு இருக்கா உனக்கு?"

"பாத்தாங்களேக்கா. பாத்துட்டாங்க, எப்டி குடுக்காம இருக்கறது?"

அந்த அம்மா எழுந்து நின்றார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. இரண்டு கைகளாலும் ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டார். வாயில் போடவில்லை. மாடி ஓரத்தில் அம்மா வளர்த்துவந்த செம்பருத்தித் தொட்டி வரை நடந்துபோய், ஏதோ தன் பாஷையில் மெதுவாகச் சொல்லி, புகையிலையை அந்த மண்ணில் வைத்தார்.

"தொட்டியில போட்டுட்டாங்க," என்றாள் அம்மா, பாதி நிம்மதியாக.

"போடட்டும், பூச்சிக்கு நல்லது," என்றார் மாமா.

திரும்பி வந்து ஐஸுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளை அருகில் வரச்சொல்லி, அந்த அம்மா அவன் பெயரைச் சொன்னார்.

கதையைக் கொஞ்சமாவது இங்கே சொல்லியாக வேண்டும். இதை நான் மார்கழியில்தான் எழுதுகிறேன். அவர் ஊரில் பனி விழுந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நீங்கள் கோடையில் படித்தால் பாயை உதறிவிட்டுப் படுங்கள். அவன் பெயரை மட்டும் எழுதவில்லை. என் நாக்குக்கு அது இன்னும் சரியாக வரவில்லை. தப்பாக எழுதுவதைவிட விட்டுவிடுவது மரியாதை.

அவனுக்குப் பசி. ஏரியில் வாத்துகள் கொழுத்து நீந்துகின்றன. அவன் ஒரு பெரிய மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு கரையோரமாகப் போகிறான். மூட்டையில் என்ன என்று வாத்துகள் கேட்கின்றன. பாட்டு என்கிறான். ஆட வாருங்கள், ஆனால் இந்தப் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆட வேண்டும், திறந்தால் கண் சிவந்துபோகும் என்கிறான். அவை கண்ணை மூடிக்கொண்டு ஆடுகின்றன. அவன் பாடிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகிக்கொண்டு வருகிறான். ஒன்றுக்கு மட்டும் சந்தேகம். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்துக் கத்துகிறது. மீதி இருந்தவை பறந்து தப்பிக்கின்றன. அதற்கு மட்டும் இன்றுவரை கண் சிவப்பு.

இதுவரை நான் நன்றாகவே சொல்லிவிட்டேன். தெரியாத வார்த்தை வந்தால் அவர் கையைப் பார்த்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஆனால் சிரிக்கவில்லை. இதுவரை சிரிக்க ஒன்றும் இல்லை. அப்பா ஒரு காலை மேல்படியிலும் ஒரு காலைக் கீழ்ப்படியிலும் வைத்து நின்றார்.

அவன் வாத்துகளைச் சூடான மணலில் புதைத்து வேகவைக்கிறான். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வேகும்வரை தூங்கலாம் என்று நினைக்கிறான். யாராவது திருடிவிட்டால்? காவலுக்கு ஆள் வேண்டும். இந்த இடத்தில் அந்த அம்மா எழுந்து நின்றார். பாதி திரும்பினார். தன் பின்புறத்தைப் பளாரென்று தட்டி, அதைப் பார்த்து விரலை ஆட்டி ஏதோ உத்தரவு போட்டார். பிறகு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். அவர் உதட்டோரம் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது.

புரிந்துவிட்டது. அந்த வார்த்தையை எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் கை வைத்த இடத்தில் சந்தேகத்துக்கு வழியே இல்லை. தமிழில் அதற்கு என்ன சொல்வது என்றும் தெரியும். ஆனால் எதிரில் மலை. அன்றைக்குப் பௌர்ணமி. பக்கத்தில் அம்மா, படியில் அப்பா. அந்த வார்த்தையை நான் வீட்டில் சொன்னால் வாயிலேயே ஒன்று விழும்.

"அவன் வந்து... தன்னோட பின்பக்கத்தப் பாத்து... காவல் இருன்னு சொன்னான்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் எதிர்வீட்டுப் பெரிய பெண்.

அந்த அம்மாவின் புருவம் இறங்க ஆரம்பித்தது. அப்பா மேல்படியில் வைத்திருந்த காலைக் கீழே எடுத்தார். கடலைக்கொல்லை, மோட்டார், பெரியப்பா, காலண்டர் எல்லாம் என் கண் முன்னால் வந்துவிட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"அவன் குண்டிகிட்ட சொன்னான்! ஏய் குண்டி, நான் தூங்கறேன், நீ முழிச்சிக்கினு காவல் இரு, எவனாவது வந்தா என்னை எழுப்புன்னு சொன்னான்!"

மாடியே வெடித்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஐஸிலேயே புரண்டார்கள். தங்கை அந்த வார்த்தையை ஐந்தாறு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மா என்னைக் காட்டித் தலையாட்டிக்கொண்டே சிரித்தார். அப்பா சிரித்ததை நான் பார்க்கவில்லை. கேட்டேன். நான் கண்ணைத் திறந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, தோள் குலுங்க, காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பயமும் இல்லை. வாத்து திருட ஆட்கள் ஓடத்தில் வருவதும், காவல்காரன் எழுப்புவதும், இவன் எழுந்து பார்த்தால் அவர்கள் ஒளிந்துகொள்வதும், பொய் சொல்லி எழுப்புகிறாயா என்று இவன் காவல்காரனைத் திட்டுவதும், ரோஷப்பட்டு அது அடுத்த தடவை வாயைத் திறக்காமல் இருப்பதும் — எல்லாவற்றையும் அவர் ஒரு வரி சொன்னால் நான் இரண்டு வரி சொன்னேன். தூங்கி எழுந்து வாத்தின் காலைப் பிடித்து இழுக்கிறான். கால் மட்டும் கையோடு வருகிறது. ஆத்திரத்தில் காவல்காரனுக்குத் தண்டனை கொடுக்கிறேன் என்று நெருப்பின் மேல் அதை வைத்து உட்காருகிறான். யாருக்குச் சுடும் என்று யோசிக்கவே இல்லை.

"புண்ணு ஆறிச்சா?" என்று எதிர்வீட்டுச் சின்னவன் கவலையோடு கேட்டான். நான் கேட்டுச் சொன்னேன்: ஆறிவிட்டதாம், ஆனால் புத்தி வரவில்லையாம்.

அம்மா தண்ணீரைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது அப்பா கீழே போய் ஆட்டோவை எடுத்தார். தெருவில் திருப்பி நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சீட்டை உருவி, அம்மாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கே கட்டிடு. லேட்டானா ஃபைன் போடுவானுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா துடைப்பத்தோடு இறங்கி வந்து சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பொங்கலுக்கு அப்புறம் முதல் தடவையாக நான் அன்று ராத்திரி மூன்று தோசை தின்றேன்.

மாமாவுக்கு ஒரு பார் ஐஸோடுதான் வியாபாரம். எட்டு மணிக்கே தீர்ந்துபோய், மலை சுற்ற வந்தவர்களுக்கு வெதுவெதுப்பாக ஜூஸ் கொடுத்து, ஐஸ் கம்மியாக இருந்தால் தொண்டைக்கு நல்லது என்று சொல்லிச் சமாளித்தாராம். ஐஸுக்கு அப்பா கொடுத்த பணத்தை வாங்கவில்லை. நூற்று நாற்பது ரூபாய். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்தப் பரீட்சையில் பாஸானாலும் மாமா அந்தக் கணக்கைச் சொல்லாமல் விடமாட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ் என்று எல்லாமே அவர் உடைத்த நூற்று நாற்பது ரூபாய் ஐஸில் முளைத்தவைதான். நானும் அதையே நம்பினேன். பனி இல்லாத ஊருக்குப் பனியைக் கொண்டுவந்தோம், கதை திறந்துகொண்டது. இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

இப்போது நான் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வருஷம் அவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆசை வந்தது. சொல்லலாமா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. ஊருக்குப் போகும் முன் என் இங்கிலீஷ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மா தன் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்திருந்தார். எழுதினேன். ஐஸையும் நினைவுபடுத்தினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது.

சொல்லலாம், எங்கள் பக்கம் பனி விழுந்ததும் தெரிவிக்கிறேன், அப்போது சொல் என்று எழுதியிருந்தார். ஐஸைப் பற்றி அவர் எழுதியது இது: முதல்நாள் நீங்கள் கேட்டுவிட்டுப் போனபிறகு ஊரிலிருந்த என் அண்ணனிடம் போனில் கேட்டேன். இங்கே முழங்காலளவு பனி கிடக்கிறது, நீ எந்த மண்ணைச் சேர்ந்தவளோ அந்த மண்ணில் பனி இருக்கிறது, அது போதும், ஆனால் முறைப்படி யாராவது கேட்கும்வரை காத்திரு என்றான். எங்களில் கதை கேட்பவர்கள் புகையிலை கொடுத்துத்தான் கேட்பார்கள். அதை நானாகச் சொல்லி வாங்கக்கூடாது. ஐஸ் ரொம்ப அழகாக இருந்தது, என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஆனால் முறைப்படி கதை கேட்டது, புகையிலை நீட்டிய உன் மாமாதான்.

மாமாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"அப்ப ஐஸு?"

"ஐஸு சும்மா மாமா."

"நூத்தி நாப்பது ரூவா சும்மாவாடா? மாடி ஏத்தி இடுப்பு புடிச்சிக்கிச்சேடா எனக்கு!"

"அந்தப் பொகையில அப்போ எவ்ளோ மாமா?"

"பொட்டலம் மூணு ரூவா," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுலயும் ஒரு சிட்டிகதான் எடுத்தாங்க. ஜாஸ்தி போனா பத்து பைசா."